அப்பா வரைந்த லேபிளை மின்ட் செய்யலாமா?

கேள்வி: வணக்கம் சார். எனக்குச் சொந்த ஊர் சிவகாசி. அப்பா முப்பத்திரண்டு வருடம் லித்தோ அச்சகங்களுக்குத் தீப்பெட்டி லேபிளும் பட்டாசு லேபிளும் வரைந்தவர். கை நடுக்கம் வந்த பிறகு விட்டுவிட்டார். அவர் வரைந்ததில் நாற்பது சொச்சம் ஒரிஜினல் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. நான் டிசைனராக வேலை பார்க்கிறேன். அப்பாவின் கிளி, புலி, மயில் எல்லாவற்றையும் பார்த்து ஐபேடில் என் பாணியில் வரைந்து, சிலவற்றை அசையும் படமாக்கி இன்ஸ்டாகிராமில் போட்டு வருகிறேன். போன மாதம் வெளிநாட்டிலிருந்து ஒருவர் மெசேஜ் செய்தார். ஆறு படங்களை என்எஃப்டியாக, அதாவது பிளாக்செயினில் பதிவாகும் டிஜிட்டல் டோக்கனாக, வாங்கிக்கொள்கிறாராம், ஒன்றுக்கு 1.5 ஈத்தர் என்ற கிரிப்டோ நாணயம் தருவாராம். அவர் சொல்லும் தளத்தில் நான் முதலில் மின்ட் செய்ய வேண்டும், அதாவது படத்தை அப்படிப் பதிய வேண்டும், அதற்கு ஒரு படத்துக்கு 0.12 ஈத்தர் கேஸ் கட்டணம் கட்ட வேண்டும் என்கிறார். மொத்தம் லட்ச ரூபாய்க்கு மேல் வருகிறது. செயினை அடகு வைத்துக் கட்டலாமா? அப்பாவின் ஒரிஜினல்களை ஸ்கேன் செய்து அப்படியே மின்ட் செய்யலாமா? இதெல்லாம் மின்சாரத்தை விழுங்கும் வேலை, எப்போதோ முடிந்துபோன கதை என்று தோழி சொல்கிறாள். வரி எவ்வளவு வரும்?

அன்புள்ள வாசகிக்கு,

செயினை அடகு வைக்காதீர்கள். இதைப் படிப்பதற்குள் வைத்துவிட்டிருந்தால், அந்தப் பணத்தை அனுப்பாதீர்கள். மற்ற கேள்விகளுக்கு நிதானமாகப் பதில் சொல்கிறேன், இது மட்டும் இன்றைக்கே முடிய வேண்டிய காரியம்.

உங்களுக்கு வந்த மெசேஜ் ஓவியர்களைக் குறிவைத்து வருடக்கணக்கில் நடந்துவரும் மோசடி. பதிப்புரிமை வழக்குகள் பார்க்கும் வக்கீல் என்பதால் என்னிடம் ஓவியர்கள் வருவார்கள். இதே மெசேஜை, ஈத்தர் எண்ணிக்கை மட்டும் மாறி, பலருடைய போனில் பார்த்திருக்கிறேன். "உங்கள் படங்கள் என் மனதைத் தொட்டன, என் மகளுக்குப் பரிசாக வாங்க விரும்புகிறேன்" என்று ஆரம்பிக்கும். ஒரு படம் கேட்க மாட்டார்கள், ஐந்தாறு கேட்பார்கள். விலை பேரம் பேச மாட்டார்கள். குறிப்பிட்ட ஒரு தளத்தில்தான் மின்ட் செய்ய வேண்டும் என்பார்கள், அந்தத் தளம் அவர்களுடையதாகவே இருக்கும். நீங்கள் கட்டணம் கட்டியதும் உங்கள் கணக்கில் 9 ஈத்தர் வந்துவிட்டதாகத் திரையில் காட்டும். அது வெறும் எண். எடுக்கப் போனால் முதலில் 'பணம் எடுக்கும் கட்டணம்' கேட்பார்கள், அப்புறம் வரி, அப்புறம் கணக்கைச் சரிபார்க்க வைப்புத்தொகை. உள்ளே பெரிய தொகை காத்திருப்பதாக நம்புகிறவர் அடுத்த கட்டணத்தையும் கட்டிவிடுவார். என்னிடம் வந்த ஓர் இளைஞர் நான்கு தவணையாகக் கட்டி, ஐந்தாவதுக்குக் கடன் கேட்கப் போன இடத்தில்தான் யாரோ தடுத்திருக்கிறார்கள். அவர் ஏமாளி இல்லை. வரைந்த படத்தை ஒருவர் பாராட்டி விலையும் சொல்லும்போது, அது உண்மையாக இருக்க வேண்டும் என்று மனம் ஏங்கும். அந்த ஏக்கத்தை வைத்துத்தான் அவர்கள் பிழைக்கிறார்கள்.

ஒரு தொழில்நுட்ப விஷயம் தெரிந்திருந்தால் இந்த மோசடியை அந்த இடத்திலேயே பிடித்துவிடலாம். கேஸ் என்பது பிளாக்செயின் என்ற பொதுப் பதிவேட்டில் ஒரு பதிவை எழுதுவதற்கு அந்த வலையமைப்பு எடுத்துக்கொள்ளும் கூலி. நீங்கள் உங்கள் வாலட்டில், அதாவது கிரிப்டோவை வைத்திருக்கும் டிஜிட்டல் பணப்பையில், 'சம்மதம்' என்று அழுத்தும் அந்த நொடியில், அந்தப் பரிவர்த்தனையோடு சேர்ந்தே அது கழியும். எவ்வளவு கழியும் என்று வாலட்டே முன்னால் காட்டும். ஆகவே கேஸ் கட்டணத்தை முன்கூட்டியே யாருடைய முகவரிக்கும் 'அனுப்பி வைக்க' வழியே கிடையாது. அனுப்பச் சொல்கிறார் என்றால் அவர் கேட்பது கேஸ் இல்லை. தொகையையும் பாருங்கள். டெசோஸ், பாலிகான் போன்ற வலையமைப்புகளில் ஒரு படத்தை மின்ட் செய்ய ஆகும் செலவு சில ரூபாய், பல நேரம் அதற்கும் குறைவு. ஈத்தர் புழங்கும் எத்தீரியம் பிரதான வலையில் நெரிசலைப் பொறுத்து ஏறி இறங்கும், 2021-இல் ஆயிரக்கணக்கில் போனதும் உண்டு. ஆனால் எந்த ஊரிலும் 'ஒரு படத்துக்கு 0.12' என்று விலைப்பட்டியல் போட்ட மாதிரி கேஸ் இருக்காது.

அவரைச் சோதித்துப் பார்க்க ஆசை இருந்தால் ஒரே ஒரு வரி எழுதுங்கள்: 'நானே எனக்குப் பிடித்த தளத்தில் மின்ட் செய்து விலை போட்டு வைக்கிறேன், அங்கே வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.' நிஜமாக வாங்குகிறவருக்கு இதில் ஒரு சிரமமும் இல்லை. இவர் காரணம் சொல்வார், அல்லது காணாமல் போவார்.

ஏற்கெனவே ஏதாவது அனுப்பியிருந்தால், தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள், தேசிய சைபர் குற்றத் தளத்திலும் புகார் பதியுங்கள். சீக்கிரம் சொன்னால்தான் வங்கி வழியில் போன பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. அந்தத் தளத்தில் உங்கள் வாலட்டின் பன்னிரண்டு மீட்புச் சொற்களை எழுதியிருந்தால் அந்த வாலட் இனி உங்களுடையதில்லை. புதிதாக ஒன்று திறந்து, பழையதில் மிச்சம் இருப்பதை அதற்கு மாற்றிவிடுங்கள். அந்தச் சொற்களை எந்த நியாயமான தளமும் கேட்காது, எந்த 'உதவி மைய' ஊழியரும் கேட்க மாட்டார். காகிதத்தில் எழுதி வைக்க வேண்டியவை அவை. போட்டோ எடுத்துக் கேலரியில் வைப்பதும், வாட்ஸ்ஆப்பில் தனக்குத்தானே அனுப்பிக்கொள்வதும் வேண்டாம்.

சரி, இனி உங்கள் படங்களுக்கு வருவோம்.

மின்ட் என்ற சொல் கொஞ்சம் ஏமாற்றக்கூடியது. சென்னையில் மின்ட் தெருவுக்குத் தமிழில் தங்கசாலை என்று பெயர். நாணயம் அடித்த சாலையில் உலோகத்தின் மேலேயே முத்திரை விழும், முத்திரையும் நாணயமும் ஒன்றாகிவிடும். பிளாக்செயினில் மின்ட் செய்யும்போது உங்கள் படத்தின் மேல் எதுவும் விழுவதில்லை. ஒரு பொதுப் பதிவேட்டில் ஒரு வரி எழுதப்படுகிறது: 'இந்த ஒப்பந்தத்தில், இந்த எண்ணுள்ள டோக்கன், இந்த வாலட் முகவரியிடம் இருக்கிறது.' ஒப்பந்தம் என்று இங்கே சொல்வது பிளாக்செயினில் இயங்கும் ஒரு நிரலை. அந்த வரியை யாரும் பிறகு திருத்த முடியாது, யார் யாரிடம் கைமாறியது என்பதை எல்லோரும் பார்க்கலாம். அதுதான் அதன் மதிப்பு. படம் பெரும்பாலும் அந்தப் பதிவேட்டுக்குள் இருக்காது. டோக்கன் ஒரு சிறு விவரக் கோப்பைக் காட்டும், அந்தக் கோப்பு படம் இருக்கும் இடத்தைக் காட்டும். பத்திர ஆபீசில் பதிவாகிற பத்திரம் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். பத்திரத்தில் சர்வே எண் இருக்கும், நிலம் வெளியே வெயிலில் கிடக்கும். பத்திரம் பத்திரமாக இருந்தாலும் நிலத்தை நீங்கள்தான் காக்க வேண்டும்.

இது வெறும் தத்துவம் இல்லை. 2022 நவம்பரில் எஃப்டிஎக்ஸ் என்ற பெரிய கிரிப்டோ சந்தை திவாலானது. அங்கே மின்ட் செய்த பலரின் டோக்கன்கள் பிளாக்செயினில் அப்படியே இருந்தன, ஆனால் படமும் விவரமும் அந்த நிறுவனத்தின் சொந்த சர்வரில் இருந்ததால், திறந்து பார்த்தால் படத்துக்குப் பதில் திவால் நடவடிக்கை பற்றிய பக்கம் வந்து நின்றது. அதற்கு ஒரு வருடம் முன்னால், 2021 நவம்பரில், டெசோஸ் வலையில் கலைஞர்கள் கூடும் இடமாக இருந்த ஹிக் எட் நுங்க் என்ற தளத்தை அதைத் தொடங்கியவரே ஓர் இரவில் மூடிவிட்டார். ஆனால் அங்கே படங்கள் ஐபிஎஃப்எஸ் என்ற, பல கணினிகளில் பரவியிருக்கும் சேமிப்பில் இருந்தன. பதிவுகள் பிளாக்செயினில் இருந்தன. மூடிய உடனேயே கலைஞர்களும் நிரலாளர்களும் அதே படங்களைக் காட்டும் மாற்றுத் தளங்களைத் திறந்துவிட்டார்கள். கடை போனது, சரக்கு போகவில்லை. இந்த இரண்டு சம்பவங்களையும் மனதில் வைத்துக்கொண்டு தளத்தைத் தேர்ந்தெடுங்கள். படம் எங்கே சேமிக்கப்படுகிறது என்று முதலில் கேளுங்கள். ஐபிஎஃப்எஸ் முகவரி என்பது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்தே கணக்கிட்டு வருவது, ஒரு புள்ளி மாறினாலும் முகவரி மாறிவிடும். அதனால் யாரும் பின்னால் படத்தை மாற்றிவைக்க முடியாது. ஆனால் யாராவது ஒருவர் அந்தக் கோப்பைத் தொடர்ந்து வைத்திருந்தால்தான் அது கிடைக்கும். 'பின்னிங்' என்று இதைச் சொல்வார்கள், அதற்கு நீங்களே ஏற்பாடு செய்துகொள்வது நல்லது. ஆர்வீவ் என்பது ஒரே தடவை பணம் கட்டி நீண்ட காலத்துக்குச் சேமிக்க உருவாக்கப்பட்ட இன்னொரு முறை. எதைப் பயன்படுத்தினாலும் முழு அளவுக் கோப்பு உங்கள் வீட்டு ஹார்ட் டிஸ்க்கில் இரண்டு பிரதி இருக்கட்டும்.

தோழி சொன்ன மின்சாரக் குற்றச்சாட்டு ஒரு காலத்தில் உண்மை. எத்தீரியம் 2022 செப்டம்பர் 15 அன்று தன் இயங்கும் முறையையே மாற்றியது, அதன் மின்செலவு 99 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. டெசோஸ் ஆரம்பத்திலிருந்தே அந்தக் குறைந்த மின்செலவு முறையில்தான் இயங்குகிறது. அந்தக் கவலையை விட்டுவிடுங்கள்.

நான் அதிகம் கவலைப்படுவது உங்கள் இரண்டாவது கேள்வியைப் பற்றி. அப்பாவின் ஒரிஜினல்களை அப்படியே ஸ்கேன் செய்து மின்ட் செய்யலாமா? அவசரப்பட்டுச் செய்யாதீர்கள்.

காகிதம் உங்கள் வீட்டில் இருக்கிறது என்பதால் படத்தின் பதிப்புரிமையும் உங்கள் வீட்டில் இருக்கிறது என்று ஆகாது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 17-வது பிரிவு முதல் உரிமையாளர் யார் என்று சொல்கிறது. பொதுவாக வரைந்தவரே உரிமையாளர். ஆனால் அதே பிரிவில் விதிவிலக்குகள் இருக்கின்றன. சம்பளத்துக்கு வேலை பார்க்கும்போது அந்த வேலையின் பகுதியாக வரைந்தது என்றால், மாறாக ஒப்பந்தம் இல்லாத வரை, முதலாளிக்கே உரிமை. சம்பள ஆள் இல்லை, ஜாப் ஒர்க்காகத்தான் வரைந்தார் என்றாலும், ஒருவர் கேட்டு, பணம் கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்துக்கு அந்தக் கேட்டவரே முதல் உரிமையாளர் என்று இன்னொரு விதிவிலக்கு வருகிறது. உங்கள் அப்பா அச்சகத்துக்கோ தீப்பெட்டிக் கம்பெனிக்கோ வரைந்து கூலி வாங்கிய லேபிள்கள் அநேகமாக இந்த இரண்டில் ஒன்றில் விழும். இதை எழுதும்போது எனக்கே வருத்தமாக இருக்கிறது. அந்தக் காலத்தில் எந்த லேபிள் ஆர்ட்டிஸ்ட்டும் ஒப்பந்தம் எழுதி வேலை செய்யவில்லை. யாரும் அவர்களிடம் கேட்கவும் இல்லை.

அதோடு, லேபிளில் பிராண்ட் பெயரும் சின்னமும் இருந்தால் அது வர்த்தகச் சின்னமாகப் பதிவாகியிருக்கலாம். பதிவு பத்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும், எத்தனை முறை வேண்டுமானாலும் புதுப்பிக்கலாம். நாற்பது வருடப் பழைய பிராண்ட் என்பதால் செத்துப்போயிருக்கும் என்று நினைக்க வேண்டாம். மத்திய அரசின் வர்த்தகச் சின்னப் பதிவகத்தின் தளத்தில் யாரும் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம்.

இதற்காக டிரங்குப் பெட்டியை மூடிவிடாதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு உட்கார்ந்து அந்த நாற்பது படங்களையும் தரையில் பரப்புங்கள். ஒவ்வொன்றையும் காட்டி, யாருக்காக வரைந்தது, எந்த வருடம், சம்பளத்தில் இருந்தபோதா, தனியாக வரைந்தபோதா, அச்சானதா, திருப்பிக் கொடுத்துவிட்டார்களா என்று கேட்டு, போனில் அவர் குரலையே பதிவு செய்யுங்கள். மூன்று குவியல் உருவாகும். அச்சகம் கேட்டு வரைந்து பணம் வாங்கியவை ஒன்று. யாரும் கேட்காமல் தன் விருப்பத்துக்கு, கை பழகுவதற்கு, அல்லது இதைக் காட்டி வேலை பிடிக்கலாம் என்று வரைந்தவை இன்னொன்று. நினைவில்லாதவை மூன்றாவது. இரண்டாவது குவியலின் உரிமை அப்பாவுடையது, அதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். முதல் குவியலுக்கு உரிமைக்காரர்களிடம் அனுமதி கேட்க வேண்டும். சிவகாசியில் இது நடக்கிற காரியம். பழைய அச்சகங்களில் பல இன்னும் அதே குடும்பத்தார் கையில்தான் இருக்கின்றன, உங்கள் அப்பாவை முகம் தெரிந்தவர்கள் இருப்பார்கள். 'இந்தப் பழைய லேபிள் ஓவியங்களை டிஜிட்டல் கலைப்படைப்பாக வெளியிட, விற்க ஆட்சேபனை இல்லை' என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வாய்வார்த்தை போதாது. மூன்றாவது குவியலைத் தொடாதீர்கள்.

அப்பாவிடமிருந்தும் உங்களுக்கு எழுத்தில் வேண்டும். அப்பாவுக்கும் மகளுக்கும் நடுவில் பத்திரமா என்று கேட்காதீர்கள். அண்ணன் தம்பி இருக்கிறார்களா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால், பிற்காலத்தில் இந்தக் காகிதம்தான் உறவைக் காப்பாற்றும். சட்டத்தின் 19-வது பிரிவு ஒரு நுணுக்கத்தை வைத்திருக்கிறது: உரிமையை மாற்றிக் கொடுக்கும் பத்திரத்தில் காலம் குறிப்பிடவில்லை என்றால் ஐந்து வருடம் என்றுதான் எடுத்துக்கொள்ளப்படும், இடம் குறிப்பிடவில்லை என்றால் இந்தியா மட்டும். அனுமதி கொடுக்கும் உரிமத்துக்கும் இதே விதிகள் பொருந்தும். டோக்கனை வாங்குகிறவர் ஜப்பானில் இருப்பார், பிரேசிலில் இருப்பார். ஆகவே 'உலகம் முழுவதும்', 'பதிப்புரிமைக் காலம் முழுவதும்' என்ற இரண்டு சொற்றொடரையும் மறக்காமல் எழுதுங்கள். அந்தக் காலம் என்பது ஓவியரின் ஆயுளும் அதற்குப் பிறகு அறுபது வருடமும். எந்தெந்தப் படம், எந்தெந்த உரிமை என்பதையும் பட்டியலாகச் சேர்க்க வேண்டும். அச்சகக்காரர் தரும் கடிதத்துக்கும் இதே வார்த்தைகள்தான்.

ஐபேடில் நீங்கள் வரைகிறவை பற்றி. கிளி யாருக்கும் சொந்தமில்லை. கிளி, புலி, மயில் என்ற கருவை யார் வேண்டுமானாலும் வரையலாம். ஆனால் அப்பாவின் அந்தக் கிளி, அதே கழுத்துத் திருப்பல், அதே கொடி வளைவு, அதே சட்டம் என்று கோட்டுக்குக் கோடு வந்துவிட்டால் அது பழைய படத்தின் பிரதியாகவோ தழுவலாகவோ பார்க்கப்படும், அதற்கும் அனுமதி வேண்டும். கடிதத்தோடு நீங்கள் அனுப்பியிருந்த மூன்று படங்களில் மயில் முழுக்க உங்களுடையது, தயங்காமல் வெளியிடுங்கள். புலியை இப்போதைக்கு நிறுத்திவையுங்கள், அதில் பிராண்ட் பெயரின் எழுத்து வடிவமே வந்திருக்கிறது.

இன்னொரு பிரிவும் இருக்கிறது, 57. பதிப்புரிமை யாரிடம் போயிருந்தாலும், 'இதை வரைந்தவன் நான்' என்று சொல்லிக்கொள்ளும் உரிமை வரைந்தவரை விட்டுப் போகாது. உங்கள் அப்பா வரைந்த லேபிள்கள் எத்தனை கோடி தீப்பெட்டிகளில் ஒட்டப்பட்டுப் போயிருக்கும், ஒன்றிலாவது அவர் பெயர் இருந்திருக்குமா? நீங்கள் மின்ட் செய்யும் ஒவ்வொன்றின் விவரத்திலும் முதல் வரியாக அவர் பெயரை எழுதுங்கள். யாராலும் திருத்த முடியாத பதிவேடு என்ற பெருமை இந்தத் தொழில்நுட்பத்துக்கு உண்டென்றால், பெயர் இல்லாமல் உழைத்த ஓர் ஓவியரின் பெயரை எழுத அதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தோன்றவில்லை.

இனி பணம். உங்கள் தோழி 'முடிந்துபோன கதை' என்கிறார். லட்சம் கோடி என்று பேசிய காலம் முடிந்தது உண்மைதான். 2021 மார்ச்சில் கிறிஸ்டீஸ் ஏலத்தில் பீப்பிள் என்ற கலைஞரின் ஒரு டிஜிட்டல் படம் 6.93 கோடி டாலருக்குப் போனது. வாங்கியவர் விக்னேஷ் சுந்தரேசன், தமிழ்நாட்டைச் சேர்ந்தவர், சிங்கப்பூரில் வசிப்பவர். அந்தச் செய்திதான் நம் ஊர் டிசைனர்கள் பலரை இந்தப் பக்கம் திருப்பியது. அதே மாதத்தில் ட்விட்டர் நிறுவனர்களில் ஒருவரான ஜாக் டோர்சியின் முதல் ட்வீட்டை ஒருவர் என்எஃப்டியாக 29 லட்சம் டாலருக்கு வாங்கினார். 2022 ஏப்ரலில் அதை விற்க முன்வைத்தபோது, முதல் சில நாட்களில் வந்த உச்சக் கேட்பு 300 டாலரைக்கூட எட்டவில்லை. விற்று லாபம் பார்க்கும் நோக்கத்தில் வாங்கியவர்கள் போய்விட்டார்கள். படம் பிடித்து வாங்குகிற சிறு கூட்டம் இருக்கிறது. அவர்கள் தரும் விலை உங்கள் மெசேஜ்காரர் சொன்னது போல் இருக்காது. முதல் விற்பனை சில நூறு ரூபாய்க்கோ சில ஆயிரத்துக்கோ இருக்கலாம். மாதக்கணக்கில் ஒன்றும் விற்காமலும் போகலாம். டிசைனர் வேலையை விட்டுவிடும் எண்ணம் இருந்தால் தள்ளிப்போடுங்கள்.

ராயல்டியை நம்பிக் கணக்குப் போட வேண்டாம். படம் கைமாறும் ஒவ்வொரு முறையும் கலைஞருக்குப் பத்து சதவீதம் வரும் என்று ஆரம்பத்தில் எல்லோரும் ஆசை காட்டினார்கள். உண்மையில் டோக்கனில் எழுதப்படுவது 'இவ்வளவு கொடுங்கள்' என்ற குறிப்புதான், கொடுப்பதும் கொடுக்காததும் விற்கும் சந்தையின் கையில். ஓப்பன்சீ என்ற பெரிய சந்தை 2023 ஆகஸ்ட் கடைசியிலிருந்து அது கட்டாயமில்லை என்று அறிவித்துவிட்டது. ஆகவே முதல் விற்பனையின் விலையையே உங்கள் உழைப்புக்கான கூலியாக நினைத்துப் போடுங்கள்.

யார் வாங்குவார்கள்? கிரிப்டோ ஆட்களை விட்டு யோசித்துப் பாருங்கள். தீப்பெட்டி லேபிள் சேகரிப்பவர்கள் உலகம் முழுவதும் இருக்கிறார்கள், தபால்தலை சேகரிப்பு மாதிரி அதுவும் நூறாண்டு தாண்டிய பழக்கம். சிவகாசி லேபிள் என்றால் அவர்களுக்குத் தெரியும். அவர்களுக்குக் கையில் தொட ஒரு காகிதம் வேண்டும். டோக்கனோடு சேர்த்து, அப்பா கையெழுத்திட்ட ஓர் அச்சுப் பிரதியும் தபாலில் வரும் என்று அறிவித்துப் பாருங்கள். கை நடுங்கினாலும் அந்தக் கையெழுத்து போதும். இன்னொரு யோசனை, நான் கலைஞன் இல்லை, பிடித்தால் எடுத்துக்கொள்ளுங்கள். லித்தோவில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித் தட்டு. ஒரு படத்தை மஞ்சள், சிவப்பு, நீலம் என்று மனதிலேயே பிரித்து வரைந்த கை உங்கள் அப்பாவுடையது. மயில் முதலில் வெறும் மஞ்சளாக வந்து, பிறகு சிவப்பு ஏறி, நீலம் ஏறி, கடைசியில் கறுப்புக் கோடு விழுந்து முழுசாகும் அசையும் படமாக அதை ஆக்கினால், அச்சகத்துக்குள் நடந்ததைப் பார்க்காத யாருக்கும் அது புதிதாக இருக்கும்.

முதல் தடவைக்கு மூன்று படம் போதும். செலவு குறைந்த வலை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், டெசோஸ் எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் அங்கே இன்னும் கலைஞர்களே கலைஞர்களிடம் வாங்குகிறார்கள். உங்கள் பெயரில் தனி பிளாக்செயின் ஒப்பந்தம் உருவாக்க வசதி தரும் தளமாகப் பாருங்கள், அப்போது தளம் மூடினாலும் தொகுப்பு உங்கள் பெயரில்தான் நிற்கும். எத்தனை பிரதி என்பதை முன்கூட்டியே முடிவு செய்து விவரத்தில் எழுதிவிடுங்கள், பிறகு கூட்டாதீர்கள். ஒரே படத்தை இரண்டு வலையில் மின்ட் செய்வது வாங்கியவரை ஏமாற்றுவது. வாங்குகிறவருக்கு என்ன கிடைக்கிறது என்பதையும் எழுதுங்கள். எதுவும் எழுதாவிட்டால் பதிப்புரிமை உங்களிடமே இருக்கும், ஆனால் வாங்கியவர் டி-ஷர்ட்டில் அச்சடிக்கலாம் என்று நினைத்துக்கொள்வார். 'தனிப்பட்ட முறையில் பார்க்கலாம், காட்டலாம், டோக்கனை மறுவிற்பனை செய்யலாம். வணிகப் பயன்பாட்டுக்குத் தனி அனுமதி வேண்டும்' என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். வாலட்டில் 'எல்லா டோக்கன்களுக்கும் அனுமதி' கேட்டு ஏதாவது தெரியாத தளம் வந்தால் சம்மதம் தராதீர்கள். விற்பனை வாலட்டையும் சேமிப்பு வாலட்டையும் தனித்தனியாக வைத்துக்கொள்வது நல்ல பழக்கம்.

வரியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2022 ஏப்ரலிலிருந்து மெய்நிகர் டிஜிட்டல் சொத்து விற்ற லாபத்துக்கு 30 சதவீதம் வரி, அதன் மேல் செஸ். வருமானம் குறைவு என்பதால் இதில் சலுகை கிடையாது. வாங்கிய விலையைத் தவிர வேறு செலவைக் கழிக்க முடியாது, ஒன்றில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்கவும் முடியாது. என்எஃப்டியும் இந்த வரையறைக்குள் வருகிறது. 2022 ஜூலையிலிருந்து 1 சதவீதம் டிடிஎஸ் பிடிப்பும் உண்டு. தானே வரைந்து விற்கும் கலைஞரின் வருமானத்தை இந்த 30 சதவீதத்தில் சேர்ப்பதா, தொழில் வருமானமாகக் காட்டுவதா என்பதில் ஆடிட்டர்களிடையே இரண்டு கருத்து இருக்கிறது. நீங்கள் மின்ட் செய்வதற்கு முன்பே ஒரு ஆடிட்டரைப் பார்த்துவிடுங்கள். பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று: படத்தை விற்றுக் கிரிப்டோவாக வாங்கினால், அதைப் பிறகு ரூபாயாக மாற்றும்போது அது இன்னொரு விற்பனை, இடையில் விலை ஏறியிருந்தால் அதற்குத் தனி வரி. ஆகவே ஒவ்வொரு விற்பனையின் தேதியையும் அன்றைய ரூபாய் மதிப்பையும் ஒரு நோட்டில் அன்றே எழுதுங்கள்.

மெசேஜ்காரரை பிளாக் செய்வதற்கு முன் உரையாடல் முழுவதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், புகாருக்கு உதவும். அச்சக உரிமையாளரிடம் போவதற்கு முன் மூன்று குவியலின் பட்டியலை எனக்கு அனுப்புங்கள், கடிதத்தின் வாசகத்தை நானே எழுதித் தருகிறேன். அதற்குக் கட்டணம் வேண்டாம். அந்த அசையும் மயில் முடிந்ததும் அதை மட்டும் காட்டுங்கள்.